தட்டில் அடங்கிய தோடி

காரைக்கால் நகரை விட்டுத் தெற்கே நிரவியைக் கடந்து, திருமலைராயன்பட்டினம் சென்று, அங்கிருந்து மேற்கே வயல்களின் ஊடே சில கல் தொலைவு போனால் திருமருகல் வந்துவிடும். இடையில் ஓர் எல்லைக்கோடு உண்டு. ஒரு காலத்தில் அந்தக் கோட்டுக்கு இப்பால் பிரெஞ்சுக் கொடி. அப்பால் ஆங்கிலேயர் கொடி. சுங்கச் சாவடிக்கும் போலீசுக்கும் அந்தக் கோடு தெரியும். இரவு நேரத்தில் வயல்வெளியைத் தாண்டி வரும் நாதஸ்வர ஓசைக்குத் தெரியாது. திருஞானசம்பந்தர் பாடிய அந்தத் திருமருகலில், 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், குப்புசாமிப் பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் ஒரு மகன் பிறந்தான். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். உலகம் அறிந்த பெயர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. ரசிகர்கள் சூட்டிய பெயர் நாதஸ்வரச் சக்கரவர்த்தி.

நம் மாணவ நண்பர்களில் மேல்நாட்டு இசையில் ஈடுபாடு கொண்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். பழைய ஜாஸ் இசைத்தட்டுகளை, அதிலும் சாக்ஸபோனுக்குப் பக்கமேளமாகக் கியூபா நாட்டுக் காங்காவும் பாங்கோவும் முழங்கும் தட்டுகளை, ஒருவர் கேட்டுக் கழித்துப்போட்ட பின்னும் தேடி வாங்கிப் பாதுகாப்பவர்கள் அவர்கள். அந்த ஆர்வத்தை நான் குறை சொல்ல வரவில்லை. சீவாளி பொருத்திய ஒரு காற்றுக் கருவி, அதனோடு போட்டியிடும் தோல் கருவி, இரண்டையும் சுமந்துகொண்டு சுழலும் ஒரு கறுப்புத் தட்டு: இந்த மூன்றும் சேர்ந்த ஒரு பொருள் நமது பக்கத்து ஊர்க்காரர் ஒருவராலும் உலகுக்குக் கிடைத்தது. அதனால் அவருடைய வரலாற்றை அந்தத் தட்டின் வழியாகவே சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இளமை வரலாற்றை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதஸ்வர வித்துவான். சிறுவன் மாமன் வீட்டில் வளர்ந்தான். ராஜரத்தினம் என்ற பெயரும் அந்த மடத்துச் சூழலில்தான் அமைந்தது. கையில் குழலைக் கொடுப்பதற்கு முன் அவனுக்குக் கிடைத்தது வாய்ப்பாட்டு. வயலினில் புகழ்பெற்ற திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம் அவன் பாடக் கற்றான். பிறகுதான் அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாதஸ்வரம். இந்த வரிசை முக்கியமானது. முதலில் தொண்டையால் ராகத்தை அறிந்து, பின்னர் அதை மூச்சுக்கும் விரலுக்கும் மாற்றிக்கொண்டவர் அவர். பிற்காலத்தில் அவருடைய குழலில் ஒரு பாடகரின் குரல் கேட்கிறது என்று ரசிகர்கள் வியந்ததற்கு அந்த இளமைப் பயிற்சியே வேர்.

கருவியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். நாம் எல்லோரும் திருமணப் பந்தலில் நாதஸ்வரம் கேட்டிருக்கிறோம், மாங்கனித் திருவிழாவில் பிட்சாடனர் வீதியுலா வரும்போது கேட்டிருக்கிறோம், திருநள்ளாற்றில் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் குழலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆச்சா மரத்தில் கடைந்த நீண்ட உடல் உலவு. கீழே விரிந்த வாய் அணசு. மேலே கெண்டை, அதன்மேல் காவிரிக் கரையில் விளையும் கொறுக்கையில் செய்த சீவாளி. விரலுக்கு ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே சுருதியைச் சரிசெய்ய ஐந்து துளைகள். தேவைக்கு ஏற்ப மெழுகு வைத்து அடைப்பார்கள். சாக்ஸபோனில் இருப்பதுபோல் விசைகளோ மூடிகளோ கிடையாது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்வதும், அரை ஸ்வரத்தில் நின்று அசைவதும், எல்லாமே உதட்டின் அழுத்தமும் விரலின் நுனியும் செய்ய வேண்டியவை.

அக்காலத்தில் பெரும்பாலோர் வாசித்தது திமிரி நாயனம். குட்டையானது, உச்ச சுருதி, தேரோடும் வீதியின் மறுகோடி வரை கேட்கும். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. சுத்த மத்தியமம் சரியான இடத்தில் நிற்காமல் சற்றுக் கூடுதலாகவே ஒலிக்கும். வித்துவான்கள் உதட்டால் அதை அடக்கிக்கொண்டு வாசித்தார்கள். தோடி ராகமோ சுத்த மத்தியமத்தை உடையது. எட்டாவது மேளமாகிய அனுமத்தோடியில் காந்தாரமும் மத்தியமமும் ஒன்றையொன்று தழுவி அசையும் இடத்தில்தான் அந்த ராகத்தின் உயிரே இருக்கிறது. தோடியைத் தம் சொத்தாக்கிக்கொண்ட ஒருவருக்கு அந்தக் குறை நாள்தோறும் உறுத்தியிருக்கும் என்பதில் வியப்பில்லை.

திருவாவடுதுறைக்கு அருகில் நரசிங்கம்பேட்டை என்ற சிற்றூர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் செய்யும் குடும்பங்கள் வாழும் ஊர். அங்கே ரங்கநாத ஆசாரி என்ற கைவினைஞர் ராஜரத்தினம் பிள்ளையின் தேவையை அறிந்து, நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தைச் செப்பனிட்டார். சுத்த மத்தியமம் அதனுடைய இடத்தில் வந்து அமர்ந்தது. ஓசையில் கூர்மை குறைந்து கனம் கூடியது. தெருவுக்காகப் பிறந்த கருவி மண்டபத்துக்கும் ஏற்றதாயிற்று. இன்று தமிழ்நாட்டில் வாசிக்கப்படும் நாதஸ்வரம் பெரும்பாலும் இந்தப் பாரி வகைதான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாள்கள் ஊரைப் பற்றி எழுதின. கேட்டவரும் செய்து கொடுத்தவருமாக இரண்டு மனிதர்கள் உட்கார்ந்து பேசிப் பிறந்த கருவி அது என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி அந்த மனிதர் நின்ற இடத்தைப் பார்ப்போம். நின்ற இடம் என்று சொல்லியே ஆக வேண்டும். உட்கார்ந்த இடம் அன்று.

நாதஸ்வரக்காரர்கள் சுவாமிக்கு முன்னும் மாப்பிள்ளைக்கு முன்னும் நடந்துகொண்டே வாசித்தவர்கள். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது பல ஊர்களில் எழுதப்படாத சட்டம். வியர்வை வழிந்தாலும் துண்டு தோளுக்கு ஏறக் கூடாது. சுயமரியாதை இயக்கத்தார் மேடை போட்டுப் பேசிய பிரச்சினைகளில் இதுவும் ஒன்று. வாய்ப்பாட்டு வித்துவானுக்குக் கம்பளம் விரித்து மேடையில் ஆசனம். அதே ராகத்தை அவரைவிட நீண்ட நேரம் விரித்து வாசிக்கும் மேளக்காரருக்குத் திண்ணை ஓரம். அந்தப் பாடகர்களே, ராக ஆலாபனையின் நெளிவு சுளிவுகளை நாதஸ்வரம் கேட்டுத்தான் கற்றோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர்கள். செம்மங்குடி சீனிவாசய்யரும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் அவ்வாறு ஒப்புக்கொண்ட பெரியவர்களில் இருவர். வித்தைக்கு மரியாதை இருந்தது. வித்தையைச் சுமந்த உடம்புக்கு இல்லை.

ராஜரத்தினம் பிள்ளை இதை வாதம் செய்து மாற்றவில்லை. வாழ்ந்து மாற்றினார். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார். ஷெர்வானியும் கோட்டும் அணிந்தார். காதில் வைரக் கடுக்கன். ரயிலில் முதல் வகுப்பு. கச்சேரி என்றால் மேடை வேண்டும். மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். மற்ற வித்துவான்கள் கேட்கத் துணியாத தொகையைக் கேட்டார். அவரை அகங்காரி என்று சொன்னவர்கள் பலர். ஓரளவுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அன்றைய நிலையில் ஓர் இசை வேளாளர் குடும்பத்து மேளக்காரர் பணிவுடன் விண்ணப்பித்திருந்தால் அந்த ஆசனம் கிடைத்திருக்குமா என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்குப் பின் வந்தவர்கள் கேட்காமலே மேடையில் உட்கார முடிந்தது.

இந்த இடத்தில்தான் கிராமபோன் தட்டு வருகிறது.

இந்தியாவில் இசைத்தட்டுக்காக முதன்முதல் ஒலிப்பதிவு நடந்தது 1902-இல், கல்கத்தாவில். அப்போது பாடியவர்களில் ஒருவர் கௌஹர் ஜான். 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அழுத்தும் தொழிற்சாலை எழுந்தது. 1928-இல் அது டம்டமுக்குப் பெரிதாக மாறியது. தட்டுக்கு வேண்டிய முக்கியப் பொருள் அரக்கு. அது நம் நாட்டுக் காடுகளில், பலாச மரம் போன்ற மரங்களில் வாழும் சிறு பூச்சிகளிடமிருந்து கிடைப்பது. உலகமெங்கும் சுழன்ற பாட்டுத் தட்டுகளில் நம் நாட்டு அரக்கு கலந்திருந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அரக்கோடு கல்தூளும் கரியும் சேர்த்து, சூட்டில் அழுத்தி எடுப்பார்கள். கீழே விழுந்தால் அப்பளம்போல் நொறுங்கும். எஃகு ஊசியால்தான் ஒலிக்கும். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. கணக்கு மீறினால் ஊசி மழுங்கித் தட்டைச் சுரண்டும். ஒரு நிமிடத்துக்கு 78 சுற்று. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஓடுவது மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். திருப்பிப் போட்டால் இன்னொரு மூன்று. மொத்தம் ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

1925-க்கு முன் ஒலிவாங்கி கிடையாது. பெரிய ஊதுகுழல் ஒன்றின் வாயருகே நின்று பாட வேண்டும். மென்மையான கருவிகள் அதில் பதியாமல் போகும். மின்சார முறை வந்த பிறகுதான் ஓசையின் நுட்பங்கள் தட்டில் ஏறின. ராஜரத்தினம் பிள்ளையின் வித்தை முதிர்ந்த காலமும் இந்த மாற்றமும் ஒன்றாக அமைந்தது தமிழிசையின் நற்பேறு.

இரவு சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசித்து, நான்கு வீதிகளிலும் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வளர்த்துக்கொண்டு போனவர் அவர். தோடியைத் தொடங்கினால் நேரம் போவது அவருக்கும் தெரியாது. கேட்பவர்களுக்கும் தெரியாது என்பார்கள். அப்படிப்பட்டவரை ஓர் அறைக்குள் உட்காரவைத்து, சிவப்பு விளக்கு எரிந்ததும் தொடங்கு, மூன்று நிமிடத்தில் முடி என்றால் என்ன ஆகும்? கடலைச் செம்பில் மொண்டு வைப்பதுபோலத்தான். ஆனால் அந்தச் செம்பு நீரிலும் கடலின் உப்பு குறையவில்லை. அவர் கொடுத்த தோடி ஆலாபனைத் தட்டு வீடு வீடாகப் பரவியது. நாதஸ்வரக் கச்சேரியையே நேரில் கேட்டிராதவர்கள்கூட அந்த ஆறு நிமிடத் தோடியை மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். தோடி ராஜரத்தினம் என்றே அவருக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது.

அந்தத் தட்டு செய்த வேறொரு வேலையைப் பற்றித்தான் எனக்கு வியப்பு. தட்டில் மேளக்காரருடைய துண்டு தோளில் இருக்கிறதா, இடுப்பில் இருக்கிறதா என்று தெரியாது. அவர் நின்று வாசித்தாரா, உட்கார்ந்து வாசித்தாரா என்று தெரியாது. பாடகர் தட்டுக்கும் நாதஸ்வரத் தட்டுக்கும் நடுவிலே ஒரே வட்டச் சீட்டு; அதன்மேல் பெயர். எந்த வீட்டுத் திண்ணைக்கு மேல் அவரை ஏற்ற மாட்டார்களோ அந்த வீட்டுக் கூடத்தின் நடுவில் பெட்டியை வைத்து, சாவி கொடுத்து, குடும்பம் முழுவதும் சுற்றி உட்கார்ந்து, பேச்சை நிறுத்திக் கேட்டது. மேடையில் அவர் போராடிப் பெற்ற ஆசனம் ஒருபுறம் இருக்க, கூடத்தில் அவருக்கு ஆசனம் போட்டது அந்த அரக்குத் தட்டு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அத்தகைய தட்டு ஒன்றைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார். விளிம்பிலிருந்து உள்ளே ஓடிய ஒரு விரிசல். சுழலும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் டக், டக் என்று ஓர் ஓசை எழும். தட்டில் தவில் இல்லாத குறையை அந்த விரிசல் தீர்த்துவைக்கிறது என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லுவார். காலப்பிரமாணம் மட்டும் என்றுமே தவறியதில்லை!

தவில் என்றதும் ஒரு பெயரைச் சொல்லாமல் செல்ல முடியாது. 1949-இல் மறைந்த நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ராஜரத்தினம் பிள்ளைக்கு வாசித்த தவில் வித்துவான்களில் தலையாயவர். பலா மரத்தில் குடைந்த தவிலின் வலந்தலையில் கூடு அணிந்த விரல்கள், இடந்தலையில் பூவரசங்கழி. ஆலாபனை நடக்கும்போது பின்னணியில் மெல்லத் தட்டிக்கொடுத்து, நாதஸ்வரம் மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்பி, பல்லவி வந்ததும் பாய்ந்து முன்னே வரும் கருவி அது. இருவரும் சேர்ந்த இரவுகளைக் கேட்டவர்கள் அவற்றைப் பற்றி வாழ்நாள் முழுவதும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசத்தான் முடிந்தது. அத்தகைய இரவு எதுவும் முழுமையாகத் தட்டில் ஏறவில்லை. ஏற இடம் இல்லை.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் நடந்த ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் சார்லி பார்க்கர் என்ற கறுப்பின இளைஞர் சாக்ஸபோனில் புதுவழி கண்டவர். 1948-ஆம் ஆண்டு இறுதியில் அவர் மாச்சிட்டோ என்ற கியூபா நாட்டு இசைத் தலைவரின் குழுவோடு சேர்ந்து இசைத்தட்டுக்கு வாசித்தார். காங்கா, பாங்கோ முதலிய தோல் கருவிகளின் முழக்கத்துக்கு மேல் சாக்ஸபோன் பறந்தது. இன்று நம் நண்பர்கள் தேடும் அந்த வகை இசைக்கு அது ஒரு தொடக்கம். சாக்ஸபோனோ அடால்ப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் உருவாக்கி, 1846-இல் பாரிஸ் நகரில் உரிமம் பெற்ற கருவி. அந்நாளில் நம் காரைக்காலுக்கும் தலைநகரம் பாரிஸ்தான்! உள்ளே கூம்புபோல் விரியும் குழாய் என்பதில் சாக்ஸபோனும் நாதஸ்வரமும் ஓரினம். அதற்கு ஒற்றை நாக்கு. இதற்கு இரட்டை நாக்கு. அது பித்தளை, இது மரம்.

ஒற்றுமை கருவியோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் பல ஊர்களில் கறுப்பின இசைவாணர்கள் வாசிக்கும் விடுதிக்குள்ளேயே அவர்கள் முன்வாசல் வழியாக நுழையவோ, மேசையில் அமர்ந்து உண்ணவோ முடியாது. அவர்களுடைய தட்டுகள் மட்டும் எல்லா வீட்டு முன்வாசல் வழியாகவும் நுழைந்தன. பார்க்கர் 1955 மார்ச்சு 12-ஆம் நாள் தமது 34-ஆம் வயதில் மறைந்தார். போதைப் பழக்கம் அவரை அரித்துவிட்டது. ஒருவரைப் பற்றி மற்றவர் கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்பில்லாத இந்த இருவரையும் நான் ஒன்றாக நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ராஜரத்தினம் பிள்ளைக்கும் மது ஒரு பகையாகவே இருந்தது. ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வராமல் போன நாட்கள் உண்டு. வந்தும் வாசிக்காமல் போன நாட்கள் உண்டு. ஐந்து முறை திருமணம் செய்துகொண்டார். கையில் வந்த பெரும் பணம் கையில் தங்கவில்லை. பெரியோர் வரலாற்றை எழுதும்போது இவற்றை மறைத்துவிடுவது நம் வழக்கம். மறைத்தால் அவருடைய வாசிப்பின் மதிப்பு ஓர் அணுவும் கூடப் போவதில்லை, ஆகவே சொல்லிவிட்டேன்.

நம் காரைக்கால் மண்ணோடு அவருக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1940-இல் வெளிவந்த காளமேகம் என்னும் திரைப்படத்தில் ராஜரத்தினம் பிள்ளை கதாநாயகனாகவே நடித்தார். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். எழுதியவர் புதுவையின் பாவேந்தர் பாரதிதாசன். காளமேகப் புலவர் எங்கே வந்து அதிமதுரக் கவிராயரோடு மோதினார்? திருமலைராயன் அவையில். ஆசனம் தராமல் அவமதித்த அவையைப் புலவர் வசைபாட, மண்மாரி பொழிந்தது என்று கதை சொல்லும் ஊர் நம் திருமலைராயன்பட்டினமே. பாரதிதாசன் ஆசிரியப் பணியைத் தொடங்கியது அதற்குப் பக்கத்திலுள்ள நிரவியில், 1909-இல். திருமருகலில் பிறந்தவர், நிரவியில் பாடம் சொன்னவர் எழுத, திருமலைராயன்பட்டினத்துக் கதையில் நடித்தார். நான்கைந்து கல் தொலைவுக்குள் அடங்கிவிடும் செய்தி இது! படம் ஓடவில்லை. ஆசனம் மறுக்கப்பட்ட புலவரின் வேடத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார் என்று மட்டும் சொல்லலாம்.

1947 ஆகஸ்டு 14-ஆம் நாள் மாலை புதுடில்லியில் நடந்ததை இப்போது பலரும் அறிவர். திருவாவடுதுறை ஆதீனம் அனுப்பிய குழு செங்கோலோடு ஜவாஹர்லால் நேருவின் இல்லத்துக்குச் சென்றபோது நாதஸ்வரம் வாசித்துச் சென்றவர் ராஜரத்தினம் பிள்ளை. நாடு விடுதலை பெறும் வேளையில் ஒலித்த மங்கல இசை காவிரிக் கரையினுடையது. அன்றிரவு அவர் பிறந்த திருமருகல் விடுதலை பெற்றது. எல்லைக்கோட்டுக்கு இப்பால் இருந்த நாம் மட்டும் 1954 நவம்பர் முதல் நாள் வரை ஏழு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம்.

அவருடைய சீடர்களில் காருகுறிச்சி அருணாசலம் தலைசிறந்தவர். 1962-இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் ஜானகியின் குரலோடு இழையும் அந்த நாதஸ்வரம் அருணாசலத்தினுடையது; ஆசிரியரின் பாணியை அறிய விரும்பும் இளைஞர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். அவரும் நீண்ட நாள் இருக்கவில்லை. 1964-இல் மறைந்தார். இன்னொரு கிளை வேறு திசையில் போயிற்று. மங்களூர்ப் பக்கத்தில் நாதஸ்வரக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனைப் பாண்டு வாத்தியத்தில் சாக்ஸபோனைக் கண்டு மயங்கி, அந்தக் கருவியையே கர்நாடக இசைக்கு வளைத்தார். 1994-இல் வந்த டூயட் படத்தில் நாம் கேட்ட சாக்ஸபோன் அவருடையது. 2019-இல் மறையும் வரை அவர் வாசித்த ராகங்களைக் கேளுங்கள். பித்தளைக் குழாய்க்குள் இருந்து வருவது கோயில் வாசல் நாதஸ்வரத்தின் நடைதான். இப்போது நம் பக்கத்துத் திருமணங்களில் நாதஸ்வரத்துக்குப் பதிலாகச் சாக்ஸபோனை அமர்த்துகிறார்கள். கருவி மாறுவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பந்தியில் பேசிக்கொண்டே காதில் வாங்காமல் இருப்பது இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது.

1956 டிசம்பர் 12-ஆம் நாள் சென்னை அடையாறில் மாரடைப்பால் ராஜரத்தினம் பிள்ளை மறைந்தார். வயது 58. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் பெயரில் ஒரு கலையரங்கம் இருக்கிறது. மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் அவருக்கு வழங்கப்படவில்லை. நாதஸ்வரக் கலைஞர் ஷேக் சின்ன மௌலானா 1998-இல் அந்தப் பட்டத்தைப் பெற்றார். அது ராஜரத்தினம் பிள்ளையின் நூற்றாண்டு.

அவர் கொடுத்த பழைய 78 சுற்றுத் தட்டுகள் பல காலம் சென்னை மூர்மார்க்கெட்டின் பழம்பொருள் கடைகளில் கிடைத்து வந்தன. 1985-இல் அந்த அங்காடி எரிந்து போயிற்று. வீடுகளில் இருந்தவை உடைந்தன, பரணில் வளைந்தன, கிராமபோன் பெட்டியோடு சேர்த்து எடைக்குப் போட்டவர்களும் உண்டு. தப்பியவற்றிலிருந்து படியெடுத்து, ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும், இன்று கைப்பேசியிலும் அந்தத் தோடி கேட்கக் கிடைக்கிறது. கரகரப்பு இருக்கும், முதல் சில நொடி காது பழகும் வரை பொறுக்க வேண்டும். ராகம் மேலே ஏறி, தார ஸ்தாயியில் நிற்கப்போகும் வேளையில் தட்டின் முதற்பக்கம் முடிந்துவிடும். அக்காலத்தில் யாராவது ஒருவர் எழுந்து போய், தட்டைத் திருப்பி, ஊசியை மாற்றி, மறுபடி சாவி கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் வினைல் நெடுந்தட்டு 1948-லேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. நம் நாட்டில் அது பரவுவதற்கு முன்பே அவர் போய்விட்டார்.